மேசையில் வைத்த விதிகள்

பாராளுமன்றம் சட்டத்தை இயற்றுகிறது. மந்திரிமார் அதனை நிறைவேற்றுகின்றனர். நீதிமன்றங்கள் அதன் பொருளைத் தீர்மானிக்கின்றன. குடியியற் பாடத்திலே நாமனைவரும் மனனஞ் செய்த வாக்கியங்கள் இவை. இவை பிழையானவையல்ல, ஆயினும் முழுமையானவையுமல்ல. எந்தப் பண்டத்தை நாட்டுக்குள் இறக்கலாம், உணவுப் பொதியின் மீது என்னென்ன விபரம் எழுதியிருத்தல் வேண்டும், ஓர் அனுமதிப்பத்திரத்துக்கு எவ்வளவு கட்டணம் செலுத்துதல் வேண்டும் என்பவற்றையெல்லாம் பாராளுமன்றம் நேரே விதிப்பது அரிது. “இவ்விடயம் பற்றி மந்திரி ஒழுங்குவிதிகளை ஆக்கலாம்” என்று சட்டத்தின் ஒரு பிரிவு கூறி அமைந்துவிடும். பின்னர் ஒரு திணைக்களத்திலே விதி எழுதப்படுகிறது, மந்திரி ஒப்பமிடுகிறார், வர்த்தமானியில் அது வெளிவருகிறது. அன்று தொட்டு அது சட்டத்தைப் போலவே நம்மைக் கட்டுப்படுத்துகிறது. மீறுவோர்க்குக் குற்றப்பணமுண்டு; சில வேளைகளிற் சிறையுமுண்டு.

அவ்விதியை நாம் வாக்களித்து அனுப்பிய பிரதிநிதிகளுள் எவரேனும் வாசித்தனரா? இந்த எளிய கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. நாம் பின்பற்றும் பாராளுமன்ற முறை இங்கிலாந்திலிருந்து வந்ததாதலால், அவ்வரலாற்றையும் அங்கிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். அதன் நடுவிலே நம் நாட்டார் நன்கறிந்த ஒருவரின் பெயரையும் காண்போம்.

1539 ஆம் ஆண்டிலே எட்டாம் ஹென்றி மன்னன் பாராளுமன்றத்தைக் கொண்டே ஒரு சட்டத்தை நிறைவேற்றுவித்தான். மன்னன் தன் ஆலோசனைச் சபையின் இசைவுடன் வெளியிடும் பிரகடனங்கள் பாராளுமன்றச் சட்டத்துக்கு நிகராகக் கீழ்ப்படியப்படல் வேண்டும் என்பதே அதன் சாரம். அப்பிரகடனங்களாற் குடிகளின் உயிரையோ உடைமையையோ பறித்தலாகாது என்ற வரம்பும் அதில் இருந்தது. ஹென்றி இறந்த 1547 ஆம் ஆண்டிலேயே அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அவன் பெயர் மறையவில்லை. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தையே மந்திரியொருவர் தம் கட்டளையால் மாற்றுவதற்கு இடந்தரும் பிரிவை இன்றும் ‘எட்டாம் ஹென்றிப் பிரிவு’ என்றே வழங்குகின்றனர்.

முதலாம் ஜேம்ஸ் மன்னன் காலத்திலே இப்பிரச்சினை மீண்டும் எழுந்தது. லண்டன் நகரைச் சூழப் புதிய கட்டிடங்கள் எழுப்புதலையும், கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை செய்தலையும் பிரகடனத்தால் தடை செய்ய மன்னன் விரும்பினான். 1610 ஆம் ஆண்டிலே பிரதம நீதியரசர் சேர் எட்வேட் கோக்கும் உடனிருந்த நீதியரசர்களும், முன்பு குற்றமாகாத ஒன்றை மன்னன் தன் பிரகடனத்தாற் குற்றமாக்க இயலாதென்றும், சட்டம் அளித்த அதிகாரமன்றி வேறதிகாரம் அவனுக்கில்லையென்றும் விடையிறுத்தனர். நிறைவேற்றுவோரின் விதியாக்கும் அதிகாரம் பாராளுமன்றம் இரவலாகக் கொடுத்த அதிகாரமே என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது. இரவல் கொடுத்தவர்க்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டல்லவா?

ஆனால் காலம் மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சுகாதாரம், தொழிற்சாலை, புகையிரதம், ஏழைகளின் பராமரிப்பு எனப் பல துறைகளும் அரசாங்கத்தின் பொறுப்பாயின. ஒவ்வொன்றின் நுணுக்கத்தையும் சபையிலே விவாதித்து எழுத நேரமும் இல்லை, துறையறிவும் போதாது. ஆகவே கோட்பாட்டைச் சட்டத்தில் வைத்து, நுணுக்கத்தை மந்திரியிடம் ஒப்படைத்தனர். 1914 ஆம் ஆண்டிலே மூண்ட முதலாம் உலகப் போர் இப்பழக்கத்தைப் பெருவெள்ளமாக்கியது. நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் எழுந்த விதிகள் குடிகளின் அன்றாட வாழ்விற் புகுந்தன. பட்டம் விடுவதற்குங்கூடக் கட்டுப்பாடு வந்தது. போர் முடிந்த பின்னரும் வெள்ளம் வடியவில்லை. 1920 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 82. அதே ஆண்டிற் பதிவான விதிகளும் கட்டளைகளும் அதனிலும் பத்து மடங்குக்கு மேற்பட்டவை.

இவற்றுட் சில எல்லை கடந்தவை. போர்க்கால உணவுக் கட்டுப்பாட்டதிகாரி, பால் கொள்வனவு செய்வதற்கு அனுமதி வழங்கும்போது கலனொன்றுக்கு 2 பென்ஸ் அறவிட்டார். வரி விதிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உரியது, அதனைத் தெளிவான சொல்லால் எவருக்கும் அது கொடுக்கவில்லை எனக் கூறி, 1922 ஆம் ஆண்டிலே பிரபுக்கள் சபையின் நீதியரசர்கள் அவ்வறவீட்டைச் சட்டவிரோதமென உறுதிப்படுத்தினர். நல்ல தீர்ப்புத்தான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றம் தானாகத் தேடிச் சென்று விதிகளை வாசிப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் பணமும் துணிவும் உடையவராய் வழக்காடினால் மாத்திரமே அது பேசும். தகராறு எழும்முன் வாசிக்க வேண்டியவர் வேறொருவர், அவர் சட்டசபையினரே.

1929 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் பிரதம நீதியரசராகிய ஹியூவாட் பிரபு, பதவியில் இருந்துகொண்டே ‘புதிய கொடுங்கோன்மை’ என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். பாராளுமன்றத்தைப் பின்தள்ளி, நீதிமன்றத்தையும் விலக்கி, திணைக்களங்கள் நாட்டை ஆள முயல்கின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. பெரும் பரபரப்பு எழுந்தது. மந்திரிமாரின் அதிகாரங்களை ஆராய்வதற்கு அவ்வாண்டே ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதற்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர் டொனமூர் பிரபு.

ஆம், நேயர்களே, 1927 ஆம் ஆண்டிலே நம் நாட்டுக்கு வந்து, சர்வசன வாக்குரிமையைச் சிபார்சு செய்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே டொனமூர் பிரபுதான். இலங்கையிலே அரசாங்க சபையின் அங்கத்தவர்களை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரித்து, ஆட்சிப் பணியையே அவர்கள் கையில் வைக்குமாறு அவ்வாணைக்குழு சொல்லிற்று. லண்டனிலே அவர் முன் இருந்த கேள்வி, ஆட்சிப் பணி புரியாத அங்கத்தவர்கள் அதனை எவ்வாறு கண்காணிப்பது என்பதாகும். நோய் காரணமாக அவர் இடையில் விலக, சேர் லெஸ்லி ஸ்கொட் தலைமையேற்று வேலையை முடித்தார். ஆயினும் 1932 ஆம் ஆண்டிலே வெளிவந்த அறிக்கை டொனமூர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அவ்வறிக்கை ஹியூவாட்டின் அச்சத்தை அப்படியே ஏற்கவில்லை. மந்திரிமார் விதியாக்குவது இக்காலத்துக்குத் தவிர்க்கவொண்ணாதது. தீமை அதிகாரத்தில் அன்று, காவலின்மையிலேயே உள்ளது என்பது அதன் முடிவு. அக்காலக் காவல் எத்தகையது? சில விதிகள் சபையின் மேசையில் வைக்கப்படுவதோடு சரி. வேறு சில மேசையில் வைக்கப்பட்டுக் குறித்த நாட்களுக்குள் எவரேனும் எதிர்த்துப் பிரேரணை கொண்டுவந்து வென்றால் மாத்திரம் ஒழியும். மற்றுஞ் சில சபை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டாலன்றி நிலைக்கமாட்டா. எந்த விதிக்கு எந்த முறை என்பதில் ஒழுங்கே இல்லை. நூற்றுக்கணக்கான தாள்களை வாசிப்பது எவருடைய கடமை என்றும் வரையறுக்கப்படவில்லை. எல்லாருடைய வேலையும் ஒருவருடைய வேலையுமாகாது போயிற்று. ஆகவே ஒவ்வொரு சபையிலும் ஒரு நிலையியற் குழுவை அமைத்து, அதிகாரம் அளிக்கும் மசோதாக்களையும், அவ்வதிகாரத்தால் எழும் விதிகளையும் வாசித்துச் சபைக்கு அறிவிக்கும் கடமையை அதனிடம் கொடுக்குமாறு அறிக்கை வேண்டிற்று. பிரித்தானிய அரசாங்கமோ அதனை நிறைவேற்றாது பன்னிரண்டாண்டுகள் கிடப்பில் விட்டது.

அதே 1932 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியா முந்திக்கொண்டது. அங்கே துறைமுகத் தொழிலாளரைப் பற்றி ஸ்கலின் அரசாங்கம் ஆக்கிய விதிகளை 1931 ஆம் ஆண்டிலே செனற் சபை நிராகரித்தது. அரசாங்கம் அவற்றை மீண்டும் ஆக்கியது. சபை மீண்டும் நிராகரித்தது. இவ்வாறு ஒருவர் அழிக்க மற்றவர் எழுதும் விளையாட்டாக அது நீண்டது. நிராகரிக்கும் அதிகாரம் மாத்திரம் போதாது, முறையான கண்காணிப்பும் தேவை என்பதை அந்நாடு நேரிற் கண்டது. அடுத்த ஆண்டிலே ஒழுங்குவிதிகளை ஒவ்வொன்றாக ஆராய்வதற்கென்று செனற் சபை ஒரு நிலையியற் குழுவை நிறுவியது. இத்தகைய குழுக்களுக்கு அதுவே முன்னோடி.

பிரித்தானியாவிலே வாசிப்பாரில்லாத விதியின் ஆபத்தை உணர்த்த இரண்டாவது போர் வரவேண்டியதாயிற்று. 1939 ஆம் ஆண்டிலே ஆக்கப்பட்ட பாதுகாப்பு விதிகளுள் 18பி என்பது, விசாரணையின்றி ஒருவரைத் தடுத்து வைக்கும் அதிகாரத்தை உள்துறைச் செயலாளருக்கு அளித்தது. அவர் “திருப்தியடைந்தால்” போதும் என்பதே முதலில் எழுதப்பட்ட வாசகம். அவ்வாண்டு ஒக்டோபர் 31 ஆம் தேதி, லிபரல் கட்சி அங்கத்தவராகிய டிங்கிள் பூட் பொதுமக்கள் சபையிலே அவ்விதிகளை நீக்குமாறு பிரேரணை கொண்டுவந்தார். கட்சி வேறுபாடின்றிப் பலர் ஆதரித்தனர். அரசாங்கம் இறங்கி வந்து விதியைத் திருத்தியது. “நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்” என்று புதிய வாசகம் அமைந்தது. போரின் நடுவிலே, குடிமகனின் சுதந்திரத்துக்காக ஒரு சபை ஒரு சொற்றொடரை மாற்றுவித்த நிகழ்ச்சி இது. ஒருவர் வாசித்தார், ஆகவே மாறிற்று.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 1941 ஆம் ஆண்டிலே லிவர்சிட்ஜ் என்பார் தம்மைத் தடுத்து வைத்ததை எதிர்த்து வழக்காடினார். பிரபுக்கள் சபையின் நீதியரசருட் பெரும்பான்மையோர், செயலாளர் தமக்கு நியாயமான காரணம் உண்டென நேர்மையாகக் கருதினாற் போதும் எனத் தீர்த்தனர். பாராளுமன்றம் மாற்றுவித்த சொல் மீண்டும் பழைய பொருளுக்கே திரும்பிற்று. அற்கின் பிரபு ஒருவரே மாறுபட்டு, நியாயமான காரணம் என்றால் உண்மையிலேயே காரணம் இருத்தல் வேண்டும் என உரைத்தார். அவர் கூற்றே சரியென்று பிற்காலத்தில் 1979 ஆம் ஆண்டிலே டிப்லொக் பிரபு அதே உயர்பீடத்திலிருந்து வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இவ்வழக்கின் எதிரொலி நம் நாட்டிலும் கேட்டது. 1945 ஆம் ஆண்டின் புடைவைக் கட்டுப்பாட்டு விதிகளின் 62 ஆவது விதி, வியாபாரியொருவர் தகுதியற்றவர் என நம்புவதற்கு நியாயமான காரணங்கள் இருப்பின் அவருடைய அனுமதிப்பத்திரத்தைக் கட்டுப்பாட்டதிகாரி நீக்கலாம் என்றது. நக்குடா அலி என்னும் வியாபாரி அனுமதிப்பத்திரத்தை இழந்து, லண்டனிலுள்ள கோமறைக் கழகமாகிய பிரிவிக் கவுன்சில் வரை சென்றார். நியாயமான காரணம் உண்மையில் இருத்தல் வேண்டும். அதிகாரியின் எண்ணம் மாத்திரம் போதாது என 1950 ஆம் ஆண்டிலே அக்கழகம் கூறிற்று. ஆயினும் அதிகாரியின் செயல் நீதிமுறைச் செயலன்று, ஆகவே அதனை அவ்வழியால் நீதிமன்றம் தலையிட்டு மாற்றவியலாது எனவும் கூறி, வியாபாரியின் மேன்முறையீட்டைத் தள்ளியது. விதியின் சொல்லுக்கு நல்ல பொருள் கிடைத்தது. வழக்காடியவருக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. விதி வெளிவந்த பின் நீதிமன்றத்தை நம்பியிருத்தல் எத்துணை நிச்சயமற்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மீண்டும் லண்டனுக்குச் செல்வோம். 1941 ஆம் ஆண்டிலே, குண்டுவீச்சின் நடுவே, ஊர்தோறும் இருந்த தீயணைப்புப் படைகளை ஒன்றாக்கித் தேசிய தீயணைப்புச் சேவை அமைக்கப்பட்டது. அதற்கான விதிகளைப் பாராளுமன்றத்தின் முன் வைத்தல் வேண்டுமென்று சட்டம் தெளிவாகக் கூறிற்று. ஆனால் 1944 ஆம் ஆண்டிலேதான் ஓர் உண்மை வெளிப்பட்டது: அவ்விதிகள் சபைமுன் வைக்கப்படவேயில்லை. உள்துறைச் செயலாளர் ஹேர்பேட் மொறிசன் சபையிடம் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அத்தவறின் விளைவுகளிலிருந்து விடுவிப்பதற்கு அவ்வாண்டே தனிச் சட்டமொன்றும் இயற்றப்பட்டது.

திணைக்களம் மறந்தது வியப்பன்று. போர்க்காலத்து மறதி எங்குமுண்டு. சபையும் அதனைக் கவனியாதிருந்ததே வியப்பு. வரவேண்டிய தாள் ஆண்டுக்கணக்காக வராதிருந்தும் எவரும் அதனைத் தேடவில்லையென்றால், வந்த தாள்களை எத்தனை பேர் வாசித்திருப்பர்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர் நம் முன்னோர். சட்டத்தில் எழுதியிருந்த கண்காணிப்பும் அவ்வாறே ஏட்டில் மாத்திரம் இருந்தது.

அந்த 1944 ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் சபை, விதிகளையும் கட்டளைகளையும் வாசிப்பதற்கென்று ஒரு தெரிவுக் குழுவை நியமித்தது. அதற்குத் துணை நின்றவர் சபாநாயகரின் சட்ட ஆலோசகரும், இத்துறையிலே பேரறிஞருமாகிய சேர் செசில் கார். குழுவின் பணி வரையறை நம் கவனத்துக்குரியது. அரசாங்கத்தின் கொள்கை நல்லதா தீயதா என்பது அதன் கேள்வியன்று. இவ்விதி மக்கள்மீது கட்டணம் சுமத்துகிறதா? பாராளுமன்றம் கொடுத்த அதிகாரத்தை எதிர்பாராத வகையிற் பயன்படுத்துகிறதா? வெளியிடுவதிலோ சபைமுன் வைப்பதிலோ காரணமற்ற தாமதம் நேர்ந்ததா? இதன் வாசகம் விளங்காதிருக்கிறதா? இத்தகைய கேள்விகளே அதற்குரியவை. கட்சிச் சண்டைக்கு இடமில்லாமையால், ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒரே மேசையில் அமர்ந்து வாசிக்க முடிந்தது.

1946 ஆம் ஆண்டின் சட்டம் சபைமுன் வைக்கும் முறைகளை ஒழுங்குபடுத்தி, எதிர்ப்புப் பிரேரணைக்கு 40 நாள் என வரையறுத்தது. 1948 ஆம் ஆண்டின் முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் 1953 ஆம் ஆண்டிலே லோக்சபை துணைநிலைச் சட்டவாக்கக் குழுவை அமைத்தது. 1973 ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் இரு சபைகளும் இணைந்த குழுவொன்று உருவாயிற்று.

வாக்கெடுப்பினால் விதியை ஒழித்த சந்தர்ப்பங்கள் பலவோ என நீங்கள் வினவலாம். மிகச் சிலவே. பொதுமக்கள் சபை 1979 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே மண்ணெண்ணெய் விலை பற்றிய கட்டளையொன்றை ஒழித்தது. அதன் பின் நெடுங்காலம் அவ்வாறு நிகழவில்லை. ஆயின் குழுக்களாற் பயன் இல்லையோ? உண்டு. தாம் எழுதுவதை ஒருவர் சொல்லுக்குச் சொல் வாசிப்பார், காரணம் கேட்பார் என்று அறிந்த உத்தியோகத்தர் எழுதும்போதே எச்சரிக்கையாக எழுதுகிறார். கணக்காய்வாளர் வருவார் என்று தெரிந்த காசாளர் பேரேட்டை ஒழுங்காக வைத்திருப்பது போன்றது இது.

நம் நாட்டின் நிலையையும் சிறிது நோக்குவோம். பாராளுமன்றம் தன் சட்டவாக்க அதிகாரத்தைக் கைவிடலாகாது. ஆயினும் குறித்த நோக்கங்களுக்காகத் துணைநிலைச் சட்டம் ஆக்கும் அதிகாரத்தைப் பிறர்க்கு அளிக்கலாம் என 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 76 ஆவது உறுப்புரை கூறுகிறது. அவசரகாலப் பிரகடனமும் பாராளுமன்றம் அங்கீகரித்தாலன்றிப் பதினான்கு நாட்களுக்கு மேல் நிலைக்காது. ஏனைய சட்டங்கள் பலவற்றிலே ஒரே வகையான பிரிவொன்றைக் காணலாம்: ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளிவந்தபின் வசதியான விரைவிற் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்குக் கொண்டுவரப்படல் வேண்டும், அங்கீகரிக்கப்படாவிடின், அந்நாள் முதல் அது நீங்கும், ஆனால் அதற்குமுன் அதன் கீழ்ச் செய்யப்பட்டவை பாதிக்கப்படமாட்டா.

இக்கடைசிச் சொற்களை ஊன்றிக் கவனியுங்கள். 2021 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் தேதி, 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியான ஒழுங்குவிதிகள் இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடை செய்தன. அவ்வாண்டு நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. அக்கொள்கையின் நன்மை தீமையை ஆராய்வது இப்பேச்சின் நோக்கமன்று. வர்த்தமானியின் சில பக்கங்கள் நாட்டின் ஒவ்வொரு வயல்வரப்பையும் எட்டின என்பதே இங்கு வேண்டுவது. விதியைப் பின்னர் நீக்கலாம். ஆனால் கடந்துபோன விதைப்புக் காலத்தை எச்சபையின் தீர்மானமும் திருப்பித் தராது. ஆகவே இத்தகைய விதியை நேரத்தோடு வாசித்து, வயலை அறிந்தவரிடமும் மண்ணை ஆராய்ந்தவரிடமும் கேட்டறிதல் எவ்வளவு இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

2015 ஆம் ஆண்டிலே நம் பாராளுமன்றம் துறைசார் மேற்பார்வைக் குழுக்களை அமைத்தது. ஒழுங்குவிதிகளை ஆராய்வதும் அவற்றின் அதிகாரங்களுள் அடங்கும். கருவி கையில் உண்டு. அதன் பயன், அங்கத்தவர்கள் தாள்களை வாசிக்கச் செலவிடும் நேரத்தைப் பொறுத்தது. நம் பங்கும் ஒன்றுண்டு. வர்த்தமானி தமிழிலும் வெளிவருகிறது. ஒரு விவசாயச் சங்கமோ, கூட்டுறவுச் சங்கமோ, ஆசிரியர் சங்கமோ தன் தொழிலைத் தொடும் விதியொன்றை வாசித்து, அதிலுள்ள குறையை விதியின் இலக்கத்தோடு தன் பிரதிநிதிக்கு எழுதினால், விவாதம் வரும் நாளில் அவர் கையிலே ஒரு கேள்வியாவது இருக்கும். 1939 ஆம் ஆண்டிலே டிங்கிள் பூட்டின் கையில் இருந்ததும் ஒரு விதியின் வாசகந்தான்.